ஜோவன்னா பெய்லி: முதலில் எந்த நாடகம்?

ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலரும் ஜோவன்னா பெய்லியின் பெயரை ஏதோ ஓர் அடிக்குறிப்பில்தான் கண்டிருப்பார்கள். வால்டர் ஸ்காட், வேர்ட்ஸ்வொர்த், பைரன் ஆகிய கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஓர் அம்மையாராக அவர் வந்து போவார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கிய நேரத்தில் பிரிட்டனில் துன்பியல் நாடகம் என்றதும் முதலில் பேசப்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று. 'மார்மியன்' என்ற தம் கவிதையில், இவருடைய பாட்டைக் கேட்டு விழித்த, ஷேக்ஸ்பியரின் ஊரில் ஓடும் ஏவன் நதியின் அன்னங்கள் ஷேக்ஸ்பியரே மறுபடி பிறந்துவிட்டார் என்று எண்ணியதாக ஸ்காட் 1808இல் எழுதினார்.

அவர் எழுதிய நாடகங்கள் இருபத்தைந்துக்கும் மேல். நம்மில் பெரும்பாலோர் அவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் படிக்கப் போகிறோம். பொருந்தாத நாடகத்தில் தொடங்கினால் முதல் அங்கத்திலேயே புத்தகம் மூடப்படும். அதோடு ஒரு பெரிய எழுத்தாளரும் நம் கையை விட்டுப் போய்விடுவார். எனவே எதில் தொடங்குவது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1812இல் வெளிவந்த 'ஓரா'. பட்டியல்களும் பாடத்திட்டங்களும் முன்வைப்பது 'டி மான்ஃபர்ட்'டை. அதை இரண்டாவதாக வைக்கிறேன். இலங்கையைக் களமாகக் கொண்ட 'தி பிரைட்' நாடகத்தின் மீது தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு வரும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன்.

காரணங்களுக்குப் போகும் முன் அவருடைய திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றிய விமரிசனம் அத்தனையும் அந்தத் திட்டத்தையே சுற்றிச் சுழன்றது.

பெய்லி 1762இல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயர் பகுதியிலுள்ள பாத்வெல் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். அவருடைய தாய்மாமன்கள் வில்லியம் ஹண்டரும் ஜான் ஹண்டரும் உடற்கூற்றியலில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட பெயர்கள். அண்ணன் மேத்யூ பெய்லி, நோய் ஒவ்வோர் உறுப்பையும் எப்படி மாற்றுகிறது என்று விவரிக்கும் மருத்துவ நூலை 1793இல் வெளியிட்டவர். வில்லியம் ஹண்டர் 1783இல் இறந்தபோது அவருடைய லண்டன் வீடு மேத்யூவுக்கு வந்தது. தாயும் ஜோவன்னாவும் அக்காள் ஆக்னஸும் அங்கே குடிபெயர்ந்தார்கள். பிணங்களை அறுத்துப் பாடம் நடத்திய கூடம் அந்த வீட்டோடு சேர்ந்தே இருந்தது. அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர் மனித உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அது முளைவிடுவதிலிருந்து ஆளை அழிப்பது வரை காட்ட வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. ஓர் உணர்ச்சிக்கு ஒரு துன்பியல், அதே உணர்ச்சிக்கு ஒரு நகைச்சுவை நாடகம் என்று வரிசையாக எழுதுவது திட்டம். 1798இல் முதல் தொகுதி எழுதியவர் பெயரில்லாமல் வெளிவந்தது. காதலுக்குக் 'கவுண்ட் பேசில்' என்ற துன்பியலும் 'தி ட்ரையல்' என்ற நகைச்சுவை நாடகமும், வெறுப்புக்கு 'டி மான்ஃபர்ட்' என்ற துன்பியலும் அதில் இருந்தன. இரண்டாம் தொகுதி 1802இலும் மூன்றாவது 1812இலும் வந்தன.

முதல் தொகுதியின் முன்னால் ஒரு நீண்ட முகப்புரை இருக்கிறது. தூக்குத் தண்டனையைப் பார்க்க ஏன் இத்தனை கூட்டம் கூடுகிறது என்று அதில் கேட்கிறார். மக்கள் கொடியவர்கள் என்பதால் கூடவில்லை; தாங்க முடியாத ஒன்றை இன்னொரு மனிதன் எப்படித் தாங்குகிறான் என்று அறியும் ஆவல் நம் எல்லோருக்குள்ளும் இருப்பதால்தான் கூடுகிறார்கள் என்பது அவர் பதில். நாடகக் கலை அந்த ஆவலிலிருந்து பிறக்கிறது என்கிறார். அருமையான கட்டுரைதான். ஆனாலும் முதல் முறை படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. அதைப் படித்துவிட்டு நாடகத்துக்குள் நுழைகிறவர், கொள்கை பலித்ததா இல்லையா என்று சோதிக்கும் பரீட்சகராகிவிடுகிறார். பெய்லியின் முதல் விமரிசகர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

ஆரம்பத்தில் கிடைத்தது பெரும் வரவேற்பு. எழுதியது யார் என்று தெரியாத நிலையில், ஓர் ஆண் என்றே பலர் எண்ணினார்கள். மேரி பெரி என்ற எழுத்தாளர் மட்டும் 1799இல் வேறு மாதிரிச் சிந்தித்தார். பேசிலில் வரும் கோமாட்டி அல்பினியையும் டி மான்ஃபர்ட்டின் அக்காள் ஜேனையும் போல இத்தனை மாண்புள்ள பெண்களை எந்த ஆணும் படைக்க மாட்டான். எனவே எழுதியது பெண்தான் என்று எழுதினார். 1800இல் மூன்றாம் பதிப்பில் பெய்லியின் பெயர் வந்தது. அறியப்படாத ஒரு பெண் உரிமை கொண்டாடிய உடனேயே நூலின் மதிப்பு சரிந்ததாக எழுத்தாளர் ஹெஸ்டர் பியாட்ஸி பதிவு செய்திருக்கிறார். சொற்களில் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது தலைப்புப் பக்கம் மட்டும்.

பிறகு வந்தவர் விமரிசகர் பிரான்சிஸ் ஜெஃப்ரி. 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் 1803இல் அவர் எழுதிய விமரிசனம், மனிதனுக்குள் ஓர் உணர்ச்சி தனியாக வாழ்வதில்லை, ஒரே உணர்ச்சியால் ஆன பாத்திரம் மனிதனாக நிற்காது என்று வாதிட்டது. மூன்றாம் தொகுதி வந்தபோது இன்னும் கடுமையாக எழுதினார். விமரிசகர் ஹாஸ்லிட் 1818இல் ஆற்றிய சொற்பொழிவில், சிறுமிகள் பொம்மைகளை நடத்துவதுபோல் பெய்லி தம் பாத்திரங்களை நடத்துகிறார் என்றார். பைரன் அவரை உண்மையாகவே மதித்தவர். டி மான்ஃபர்ட்டை மறுபடி மேடையேற்ற முயன்றவர். அவரும்கூட 1817இல் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், துன்பியல் எழுத ஆணுக்குரிய விரைகள் வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் சொன்னதாக நினைவுகூர்ந்து, அப்படியானால் பெய்லி அவற்றைக் கடன் வாங்கிக்கொள்கிறார் போலும் என்று எழுதினார். பாராட்டாகத்தான் எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. பகைவர்கள் திட்டத்தைப் பார்த்தார்கள், நண்பர்கள் எழுதியவரின் பாலினத்தைப் பார்த்தார்கள். ஓராவின் கடைசிக் காட்சியை வரிவரியாகப் படித்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. எனவே திட்டத்தை மறந்துவிட்டுப் படித்தாலும் தன் காலில் நிற்கக்கூடிய நாடகம் எது என்பதையே தேர்வுக்கான அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

இப்போது 'டி மான்ஃபர்ட்'. ஜெர்மனியின் ஆம்பெர்க் நகரத்துக்கு ஒரு பிரபு இரவில் வந்து பழைய விடுதியில் தங்குகிறான். முன்பு வந்தபோது அவன் இப்படி இருக்கவில்லை என்று வீட்டுக்காரர் ஜெரோம் கவனிக்கிறார். சிறுவயது முதலே ரெசன்வெல்ட் என்பவன்மேல் அவனுக்கு வெறுப்பு. இருவருக்கும் வாட்போர் நடந்தபோது ரெசன்வெல்ட் வென்று, கொல்லாமல் விட்டுவிட்டான். அந்தப் பெருந்தன்மைதான் டி மான்ஃபர்ட்டை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. தீங்கு செய்தவனை மன்னித்துவிடலாம், உயிர்ப்பிச்சை கொடுத்தவனை மன்னிக்க முடியவில்லை. கடைசியில் தன் அக்காள் ரெசன்வெல்ட்டை மணக்கப் போகிறாள் என்ற பொய்ச்செய்தி காதில் விழுகிறது. நள்ளிரவில் காட்டு வழியில் கொலை செய்கிறான். ஒரு மடாலயத்தில், தான் கொன்ற உடலோடு அவனை ஒரே அறையில் விட்டுவிடுகிறார்கள்.

இத்தனை வெறுப்புக்கு இது போதுமான காரணமா என்று அக்காலத்தில் கேட்டார்கள். அதுவே போதும் என்பதைத்தான் நாடகம் காட்டுகிறது. வெறுப்பு காரணங்களைச் சேகரித்துக்கொண்டு வளர்வதில்லை. ஒருவனுடைய சிரிப்பும் அவன் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் விதமும் போதும். இதைக் கண்டுகொண்டதற்காகவே பெய்லி கொண்டாடப்பட வேண்டும்.

ஜேனுக்காகவும்தான். தாய் இறந்தபின் தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கிய, மணமாகாத, இளமை கடந்த பெண் அவள். அவள் வந்திருக்கிறாள் என்று சொல்ல ஒரு பணிப்பையன் ஓடி வருகிறான். இளையவளா, மூத்தவளா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை, ஆனால் அழகாக இருக்கிறாள் என்கிறான். காலமும் அவளிடம் அஞ்சியது போல அத்தனை மென்மையாகக் கைவைத்திருக்கிறது என்கிறான். 1800 ஏப்ரல் 29 அன்று லண்டன் டுரூரி லேன் அரங்கில் இதை அரங்கேற்றியபோது ஜேனாக நடித்தவர் சாரா சிடன்ஸ். அப்போது அவருக்கு வயது 44. நாயகிக்கு இருபதுதான் இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இன்னும் சில ஜேன் டி மான்ஃபர்ட்களை எனக்கு எழுதித் தாருங்கள் என்று சிடன்ஸ் பெய்லியிடம் கேட்டதாகச் சொல்லப்படுவது நம்பக்கூடிய செய்திதான்.

இருந்தும் எட்டு இரவுகளோடு நாடகம் நின்றுபோனது. ஜான் ஃபிலிப் கெம்பிள் டி மான்ஃபர்ட்டாக நடித்தார். வில்லியம் கேபன் வரைந்த தேவாலயக் காட்சி பிரமிக்க வைத்தது. ஆனால் 1794இல் மறுபடி கட்டப்பட்ட டுரூரி லேன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் மாளிகை. ஒருவன் பற்களைக் கடிப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதும்தான் இந்த நாடகத்தின் செயல்கள். கடைசி வரிசையில் இருந்தவர் எதைப் பார்த்திருப்பார்? 1821இல் எட்மண்ட் கீன் டுரூரி லேனில் மறுபடி நடித்தார். அப்போதும் அது மேடையில் நிலைக்கவில்லை.

வாசகருக்கும் இதே இடர்ப்பாடு கொஞ்சம் உண்டு. முதல் இரண்டு அங்கங்களில் டி மான்ஃபர்ட் ஏன் இப்படி இருக்கிறான் என்பதை மற்றவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஆங்கிலத் துன்பியலின் நடைக்குப் பழகாதவர் அங்கே களைத்துப்போகக் கூடும். இரண்டாவது நாடகமாக இதை வைப்பதற்கு அந்த ஒன்றுதான் காரணம். பெய்லியின் நடை பழகிய பிறகு படித்தால் இது வேறு மாதிரித் திறக்கும்.

'கவுண்ட் பேசில்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படைத்தலைவன் ஒருவன் பேவியா போருக்குப் போகும் வழியில் மான்டுவாவில் தங்குகிறான். பிரெஞ்சு அரசனோடு ரகசிய உறவு வைத்திருக்கும் மான்டுவா கோமகன், தன் மகள் விக்டோரியாவின் அழகைக் காட்டி அவனைத் தாமதிக்க வைக்கிறான். போர் அவன் இல்லாமலேயே நடந்து முடிகிறது. வெட்கம் தாளாமல் அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். கலகம் செய்யும் வீரர்கள் முன் பேசில் தனியாக வந்து நிற்கும் காட்சி உயிருள்ளது. மற்ற இடங்களில் விக்டோரியாவைப் பெரும்பாலும் பேசிலின் கண்களால் மட்டுமே பார்க்கிறோம். அது ஒரு காதல் நாடகத்துக்குப் பெரிய குறை.

'தி ட்ரையல்' மென்மையான நாடகம். நகைச்சுவை நாடகங்களை அக்கால விமரிசகர்கள் பொதுவாகக் கீழே வைத்தார்கள். முழுக்கவும் நியாயமான தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆக்னஸ் பெரும் சொத்துக்கு வாரிசு. பாத் நகரத்தில் தன்னைச் சுற்றும் ஆண்கள் சொத்துக்காக வருகிறார்களா என்று அறிய, ஒன்றுவிட்ட சகோதரி மரியானோடு இடம் மாறிக்கொள்கிறாள். பிறகு தன்னை உண்மையாக நேசிக்கும் ஹார்வுட்டைச் சோதிக்கச் சிடுமூஞ்சியாக நடிக்கிறாள். அவன் அசையவில்லை. அவள் மாமாவுக்கு அது திருப்தி தரவில்லை. எதையும் பொறுத்துக்கொள்பவன் காதலால் மதியிழந்தவனாகவும் இருக்கலாமே என்கிறார். எனவே இன்னும் கடினமான சோதனை: அவள் வேறொருத்தியைப் பற்றி அவதூறு எழுதியதுபோல் ஒரு கடிதம். அவளுடைய குணத்திலேயே களங்கம் இருந்தால் அவன் என்ன செய்வான் என்று பார்க்கிறார்கள். இரண்டு பெண்கள் ஓர் அறைக்குள் அமர்ந்து நாடகம் திட்டமிடும் காட்சிகள் எல்லாம் குதூகலமானவை. கடைசி அங்கங்களில் நல்லொழுக்கப் பாடத்தின் வாடை அடிக்கிறது. ஒரு மாலைப்பொழுதை இனிமையாகக் கழிக்க வேண்டும் என்பவர் இதை எடுக்கலாம். ஆனால் பெய்லியின் முழு உயரம் இதில் தெரியாது.

'ஓரா'வுக்கு வருகிறேன். பதினான்காம் நூற்றாண்டின் இறுதி. சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியின் கருங்காட்டின் எல்லையும் களம். ஆல்டன்பெர்க் குடும்பத்தின் வாரிசான ஓரா, ஹியூகோபெர்ட் பிரபுவின் பாதுகாப்பில் வளர்கிறாள். அவனுக்கு ஒரு மந்தமான மகன். அவனை அவள் மணக்க வேண்டும் என்பது பிரபுவின் விருப்பம். அவள் யாரையும் மணக்க விரும்பவில்லை. தன் நிலத்தில் தானே இருந்து குடிமக்களைப் பேணி வாழ நினைக்கிறாள். பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்காக, என் நிலத்தையும் உரிமைகளையும் எவனோ ஒருவன் கையில் கொடுத்து, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு எனக்கு எசமானாக இருக்கும் அருளையும் செய்யுங்கள் என்று கெஞ்ச வேண்டுமா என்று அவள் கேட்கும் இடம் 1812இல் அச்சானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை துணிவுள்ளவளுக்கு ஒரே ஒரு பலவீனம். பேய்களை நம்புகிறாள். நம்புவது மட்டுமில்லை, பேய்க்கதை கேட்பதில் அவளுக்குத் தீராத ஆசை. தோழியிடம் கதை சொல்லச் சொல்லி, குளிர்ந்த இரத்தம் நரம்பெங்கும் பாய்வதையும், தோலின் ஒவ்வொரு மயிர்க்காலும் முடிச்சாகத் திரள்வதையும், செவிக்குள் ஏதேதோ ஒலிகள் எழுவதையும், காரணமில்லாமல் கண்ணீர் வருவதையும் வர்ணித்துவிட்டு, அச்சத்தில் ஓர் இன்பம் இருக்கிறது என்கிறாள். இருட்டில் பாட்டியின் மடியை ஒட்டி உட்கார்ந்து பேய்க்கதை கேட்ட எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த இன்பமே அவளை அழிக்கும் கருவியாகிறது. ருடிகெர் என்ற வஞ்சகன், பேய் உலவுவதாகப் பெயர் பெற்ற காட்டுக்கோட்டை ஒன்றுக்கு அவளை அனுப்ப ஏற்பாடு செய்கிறான். அவளுடைய முன்னோன் ஒருவனால் அங்கே கொல்லப்பட்ட வேட்டைக்காரன் பரிவாரத்தோடு இரவில் வருவான் என்பது கதை. அச்சம் தாங்காமல் அவள் தன்னையே சரணடைவாள் என்பது ருடிகெரின் கணக்கு. அவளை நேசிக்கும் தியோபால்ட் காப்பாற்றக் கிளம்புகிறான். பக்கத்தில் பதுங்கியிருக்கும் கொள்ளைக் கூட்டத்தின் உதவியோடு, அந்தப் பேய் வேட்டைக்காரனின் வேடத்திலேயே கோட்டைக்குள் நுழைகிறான். வருவது அவன் என்பது அவளுக்குத் தெரியாது. காப்பாற்ற வந்தவனைக் கண்டதும் அவள் சித்தம் கலங்கிவிடுகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று நான்காக வகுக்கிறது. இந்த நாடகத்தில் விலங்கு தவிர மற்ற மூன்றும் இருக்கின்றன. அணங்கு அவள் மனத்தில் மட்டும் இருக்கிறது. கள்வர்கள் உதவிக்கு வருகிறார்கள். அவள் உண்மையாகவே அஞ்சியிருக்க வேண்டியது இறையை, அதாவது பாதுகாவலன் என்ற பெயரில் தன்மேல் அதிகாரம் செலுத்தும் பிரபுவையும் அவன் வீட்டு மனிதர்களையும். அவர்கள் முன் அவள் தலை நிமிர்ந்து பேசுகிறாள். இல்லாத பேயின் முன் நொறுங்கிப்போகிறாள். அஞ்ச வேண்டியது ஒன்று, அஞ்சியது வேறொன்று என்ற இந்த விலகலில்தான் துன்பியல் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

கடைசிக் காட்சியில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். சதி வெளிப்பட்டுவிட்டது, அவளுக்கு இனி ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் ஓராவின் கண்ணுக்கு இறந்தவர்கள் கூட்டமாக நெருங்கி வருகிறார்கள். விழியில்லாத குழிகள் முறைத்துப் பார்க்கின்றன. உதடில்லாத தாடைகள் பேச்சைக் கேலி செய்வதுபோல் அசைந்து கடகடக்கின்றன. பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று கத்திக்கொண்டே அருகில் நிற்கும் ஹியூகோபெர்ட்டையும் தியோபால்டையும் பிடித்து இழுக்கிறாள். தன்னைக் கட்டாயப்படுத்தியவனையும் தன்னை நேசித்தவனையும் ஒன்றாகவே பேய்களிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறாள். திரை விழுகிறது. அவள் சாவதில்லை, குணமடைவதும் இல்லை. துன்பியல் என்றால் இறுதியில் பிணம் விழ வேண்டும் என்றிருந்த காலத்தில் நாயகியை இப்படி நடுவில் நிறுத்திவிட்டுப் போக எவ்வளவு துணிவு வேண்டும்!

ஓர் உணர்ச்சிக்கு ஒரு நாடகம் என்ற திட்டம் உயிரோடு இயங்குவதும் இங்கேதான். காதலும் வெறுப்பும் வேறு பல உணர்வுகளோடு கலந்தே வருபவை. தனியாகப் பிரித்தால் ஜெஃப்ரி சொன்னது போலச் செயற்கை தட்டும். அச்சம் அப்படி இல்லை. வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் துரத்திவிட்டுத் தனியாக நிற்கும். இந்த நாடகம் வந்தபோது ஜெஃப்ரி ஏற்கெனவே தம் முடிவை எழுதிவைத்துவிட்டவர். எடின்பரோ சென்றிருந்த சமயத்தில் ஜெஃப்ரியை அறிமுகம் செய்துகொள்ளவே பெய்லி மறுத்தார். 1820இல்தான் இருவரும் சந்தித்தார்கள். பிறகு நல்ல நண்பர்களானார்கள். நட்பு மலர்ந்தது மகிழ்ச்சிதான். ஓராவுக்குக் கிடைக்க வேண்டிய விமரிசனம் அதனால் கிடைத்துவிடவில்லை.

மேடையில் எதையாவது நிகழ்த்த விரும்பும் குழுவுக்கு நான் வேறொன்றைப் பரிந்துரைப்பேன். 1836இல் வந்த மூன்று தொகுதிகளில் இருக்கும் 'விட்ச்கிராஃப்ட்'. பெரும்பாலான துன்பியல்கள் செய்யுளில் இருக்க, இது உரைநடையில், ஏழைகள் ஸ்காட்லாந்துப் பேச்சுமொழியில் பேச எழுதப்பட்டது. ரென்ஃப்ரூஷயரில் சூனியக்காரிகள் என்று பெண்களைக் குற்றம்சாட்டி எரித்த காலம் களம். மூன்று வறிய பெண்கள் புயலடிக்கும் இரவில் பொட்டல் வெளியில் கூடிச் சாத்தானை அழைக்கிறார்கள். அவர்கள் தங்களைச் சூனியக்காரிகள் என்றே நம்புகிறார்கள். உண்ணவும் வழியில்லாதவர்களுக்கு வேறு எந்த அதிகாரமும் கிடைக்கப் போவதில்லை. ஊர் தங்களைக் கண்டு பயப்படுவதாவது மிஞ்சட்டும் என்ற ஏக்கம் அது. இன்னொரு பக்கம் வயலட் என்ற பெண். தலைமறைவாக வாழும் தந்தையை அவள் இரவில் ரகசியமாகச் சந்திக்கிறாள். அவர் இறந்துவிட்டதாக ஊர் நம்புவதால், செத்தவனோடு பேசுகிறாள் என்று பழி வருகிறது. அவள் காதலனை விரும்பும் சீமாட்டி அனபெல்லா பொய்ச் சான்று தயாரிக்கிறாள். பெண் ஒருத்தியைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்துக் கொல்லும் செய்திகள் இந்தியச் செய்தித்தாள்களில் இன்றும் வருகின்றன. வாசகராக மட்டும் அணுகுபவருக்கு அந்த ஸ்காட்லாந்து வட்டாரமொழி முதல் நாளில் பெருந்தடை. அதனால்தான் இதைப் படிப்புக்கு மூன்றாவதாகவும் மேடைக்கு முதலாவதாகவும் வைக்கிறேன்.

மேடையில் நன்றாக வரவேற்கப்பட்ட அவருடைய நாடகம் 'தி ஃபேமிலி லெஜண்ட்'. 1810 ஜனவரியில் எடின்பரோவில் ஸ்காட்டின் முன்னுரைப் பாடலோடும் ஏற்பாடுகளோடும் அரங்கேறியது. கணவனின் குலத்தாரால் கடற்பாறை ஒன்றில் அலை ஏறும் நேரத்தில் கைவிடப்பட்ட பெண்ணின் கதை. ஸ்காட்லாந்தின் குலப் பகைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு உரியது.

இனி 'தி பிரைட்'. இதன் பின்கதை நாடகத்தைவிடச் சுவையானது. இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன், தந்தையின் பணி காரணமாகச் சிறுவயதில் மதுரையில் வளர்ந்தவர், தமிழ் கற்றவர். பெய்லியின் 'தி மார்ட்டர்' என்ற சமய நாடகத்தைப் படித்துவிட்டு அதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க விரும்பினார். பிறகு இலங்கை மக்களுக்காகவே ஒரு நாடகம் எழுதித் தரும்படி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 1828இல் அச்சான இந்த நாடகம். ரசிங்கா என்ற தலைவன் முதல் மனைவி ஆர்டினா இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்க முனைகிறான். ஆர்டினாவின் சகோதரன் சமர்கூன் எதிர்த்து நின்று பிடிபடுகிறான். மரண தண்டனை வரை போன பகை, ஆர்டினாவின் சிறுவயது மகன் தாயோடு தானும் சாகத் துணிவதாலும், ஹுவான் டி கிரேடா என்ற ஸ்பானிய மருத்துவர் மன்னிப்பைப் போதிப்பதாலும் தணிகிறது.

அந்தச் சிறுவன் வரும் காட்சி ஒன்று மனத்தைத் தொடும். மற்றபடி இலங்கையை ஒருபோதும் பார்க்காத ஒருவர், அங்கே வாழ்பவர்களுக்கு நல்வழி காட்டவென்றே எழுதியது இது. ஜேனுக்கும் ஓராவுக்கும் கொடுத்த உள்மனத்தை ஆர்டினாவுக்குக் கொடுக்கவில்லை. இரண்டாம் மனைவி வரப் போகிறாள் என்று அறிந்த பெண்ணின் உள்ளத்தை அறுத்துப் பார்க்க இவரைவிடத் தகுதியானவர் அன்று யாரும் இருந்திருக்க முடியாது. அந்த வாய்ப்பை மதபோதனை விழுங்கிவிட்டது. நம் பக்கத்துக் கதை என்பதற்காக இதில் தொடங்குகிறவர், பெய்லி இவ்வளவுதான் என்று நினைத்துவிடும் அபாயம் இருக்கிறது. காலனிய ஆட்சி நாடகத்தை எப்படிப் பயன்படுத்த நினைத்தது என்று ஆராய்பவர்களுக்கு மட்டும் இது முதல் நூல்.

பதிப்புகளைப் பொறுத்தவரை இரண்டு வழிகள். பீட்டர் டுதி பதிப்பித்து 2001இல் பிராட்வியூ வெளியிட்ட நூலில் 1798இன் மூன்று நாடகங்களும் முகப்புரையும் அக்கால மதிப்புரைகளும் குறிப்புகளோடு இருக்கின்றன. டி மான்ஃபர்ட்டுக்கு அதைவிட வசதியான பதிப்பு வேண்டியதில்லை; ஆனால் ஓரா அதில் இல்லை. பெய்லி 1851 பிப்ரவரியில் இறந்த அதே ஆண்டில் வந்த முழுத் தொகுப்பில் எல்லாம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தியாகப் பொடி எழுத்தில் அச்சிட்டது, கண்ணுக்குக் கடினம். பழைய பதிப்புகளின் ஒளிப்படிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓராவுக்கு 1812இன் மூன்றாம் தொகுதியைத் தேடி எடுப்பது நல்லது. எழுத்து பெரிது. அதன் முன்னுரையில் பெய்லி, பேரரங்குகளில் நடிகரின் முகம் தெரியாமல் போவதையும், காலடியிலிருந்து வரும் விளக்கொளி முகத்தைச் சிதைப்பதையும் பற்றி ஒரு நாடகத் தொழிலாளியின் நுட்பத்தோடு பேசுகிறார். இந்தத் தொடரில் இனி எதையும் அச்சிடப் போவதில்லை என்று அறிவித்ததும் அங்கேதான். ஓராவை முடித்தவர்கள் அதே தொகுதியில் பக்கத்தைப் புரட்டினால் 'தி ட்ரீம்' வரும். மூன்றே அங்கங்கள், உரைநடை. போர்க்களத்தில் எதற்கும் அஞ்சாத தளபதி ஆஸ்டர்லூ, தண்டனைக் கோடரி கழுத்தில் இறங்கும் முன்பே பயத்தால் இறந்துபோகும் கதை. அச்சத்தைப் பெண்ணுக்கு மட்டும் உரிய குணமாக அவர் எழுதவில்லை என்பது அதைப் படித்தால் தெரியும். ஓராவையும் அதையும் அடுத்தடுத்து ஒரே வாரத்தில் படித்துவிட்டு, பிறகு டி மான்ஃபர்ட்டுக்கும் அந்த முகப்புரைக்கும் போகலாம்.